கழுவிய தண்ணீரில் போனவை

குடிக்கலாம் என்று அரசாங்கமே உறுதி சொல்லும் குழாய்த் தண்ணீர் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கழுவப் போதாது என்று என்னிடம் சொன்னபோது, விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சிங்கப்பூருக்கு வந்து, ஒரு பல்கலைக்கழகத்தின் பயோகெமிஸ்ட்ரி ஆய்வுக்கூடத்தில் கழுவும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. சோப்புப் போட்டு ஒரு முறை, குழாய்த் தண்ணீரில் ஆறு முறை, பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று முறை. அந்தக் கடைசி மூன்றை விட்டுவிட்டால் குடுவை அழுக்குதான். திருச்சி பாலக்கரையில் நாங்கள் தெருக்குழாயில் வரிசை கட்டிப் பிடித்து, துணியில் வடிகட்டிக் குடித்த தண்ணீரை நினைத்துக்கொண்டேன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிக்கலாம். இங்கே என்னைப்போல் கழுவியே பிழைப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். எது சுத்தம் என்பது ஊருக்கு ஊர் மாறும் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். இங்கே வருவதற்கு முன் திருச்சியில் ஒரு கல்லூரி விடுதியின் சமையல்கட்டில் பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் முந்நூறு மாணவர்களுக்கு ஆட்டுக்கறி. அதைக் கழுவுவது என் பொறுப்பு. கல்லுப்பை அள்ளிப் போட்டு, மஞ்சள் தூவி, ஊறவிட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளிந்து வரும்வரை விடமாட்டேன். "சவரிமுத்து கழுவுன கறியில வாடை இருந்தா என் மீசைய எடுத்துக்கிறேன்டா" என்று தலைமைச் சமையல்காரர் எல்லார் முன்னாலும் சொல்லுவார். என் வாழ்க்கையில் நான் கேட்ட பாராட்டு அது ஒன்றுதான். எனக்குப் பேச வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாதா கோயிலில்கூடக் கடைசிப் பெஞ்சு. அந்தக் கோயிலில் பழக்கமான ஒருவர் மூலமாகத்தான் இந்த வேலை கிடைத்தது. மூன்று வருடம் தற்காலிகம். அதற்குப் பிறகு நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரமானால் என் மனைவி லூர்துமேரியை அழைத்துக்கொள்ள மனுப் போடலாம். அவளுடைய ஒவ்வொரு கடிதமும் ஒரே கேள்வியில் முடியும்: எப்போது?

வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை காலையில், ஐஸ் பெட்டியைக் கையில் கொடுத்து என்னைத் தேக்கா சந்தைக்கு அனுப்புவார்கள். அங்கே காதர் பாய் கறிக்கடையில், இளம் ஆட்டின் கழுத்துக்குக் கீழே நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் வெளுத்த சதையை வாங்கி வரவேண்டும். ஆய்வுக்கூடத்தில் அதற்குத் தைமஸ் என்று பெயர். ஆடு முற்ற முற்ற அது சுருங்கிவிடும். அதனால் குட்டியாக இருக்கவேண்டும். ஒரு ஆட்டில் கிடைப்பது மிகக் கொஞ்சம். காதர் பாய் நாலைந்து நாள் சேர்த்து ஃப்ரீசரில் வைத்திருப்பார். வாரம் முழுக்க எனக்கு முழுதாகத் தமிழில் பேசக் கிடைக்கிற அரைமணி நேரம் அதுதான்.

"தம்பி, இத வச்சு அங்கன என்னதான் செய்றாங்க? திங்கிறதுக்கும் இல்லேங்கிறீங்க," என்பார்.

"தெரியல பாய்."

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. வாயத் தொறந்து கேட்டா முத்தா கொட்டிரும்?"

"கேட்டா என்ன நினைப்பாங்களோ."

"நல்ல ஆளுய்யா. விஷமா மருந்தான்னே தெரியாம பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டுப் போறீங்க."

அவர் சொன்னது உண்மை. நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. அந்தச் சதை மிஸ் லிம் என்ற ஆராய்ச்சி மாணவியிடம் போகும். டாக்டர் பட்டத்துக்காக உழைக்கும் பெண். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். உறைந்த கட்டியாகவே வாங்கி, ஒரு கரைசலோடு அரைக்கும் ஜாடியில் போட்டுவிடுவார். அதற்குமேல் எனக்குத் தெரியாது. பிறகு வரும் குடுவைகளைக் கழுவுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் தாமதமாகி, பெட்டியில் ஐஸ் இளகிவிட்டது. மிஸ் லிம் பையை எடுத்தபோது இரத்தம் ஒழுகி அவருடைய வெள்ளைக் கோட்டின் கைப்பக்கத்தில் படிந்தது. அவர் குழாயடியில் போய் நெடுநேரம் கையைத் தேய்த்துக் கழுவினார். நான் கூனிக் குறுகிப்போனேன். முந்நூறு பேருக்குக் கறி கழுவியவன் கொடுத்த பொருளில் இரத்தம் ஒழுகுகிறது. அடுத்த வாரத்திலிருந்து, யாரும் சொல்லாமலே, நான் அதைக் கழுவ ஆரம்பித்தேன். பின்பக்கத் தொட்டியில் ஒரு பேசின் வைத்து, இரண்டு கை கல்லுப்புப் போட்டு, உறைந்த சதையை அதில் இளகவிட்டு, சிறு துண்டுகளாக நறுக்கி, பிசைந்து, அரைமணி ஊறவைத்து, இரண்டு தண்ணீர் அலசி எடுப்பேன். மஞ்சள் மட்டும் போடவில்லை. நிறம் பிடித்துவிடுமோ என்று பயம். சதை பூப்போல வெளுத்து வந்தது. மிஸ் லிம் பார்த்துவிட்டு, "வாவ் அங்கிள், சோ க்ளீன்!" என்றார். கடைக்காரர்தான் இப்படிச் சுத்தம் செய்து தருகிறார் என்று அவர் நினைத்துக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு லூர்துமேரிக்கு எழுதிய கடிதத்தில், என் வேலை இங்கே பிடித்துப்போய்விட்டது, இனிப் பயமில்லை என்று எழுதினேன்.

அதன் பிறகு மூன்று மாதம் அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் சிரித்து நான் பார்க்கவில்லை. மிஸ் லிம் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய ஜெல்லி ஒன்றை வார்த்து, அதன் தலையில் சதையிலிருந்து எடுத்த சாற்றை ஊற்றி, மின்சாரம் பாய்ச்சுவார். பிறகு ஜெல்லியை நீலச் சாயத்தில் முக்கி, வினிகர் வாடை அடிக்கும் தண்ணீரில் அலசுவார். முன்பெல்லாம் அதில் நாலு நீலக் கோடுகள் தெரியும். இப்போது கோடு வருவதில்லை. வந்தாலும் கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும். ஆசிட்டை மாற்றினார். இயந்திரத்தைப் பழுது பார்க்கச் சொன்னார். ஒரு நாள் நான் குளிர் அறைக்குள் போனபோது, அலமாரியைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன். அங்கே டெக்னீஷியனாக இருந்த மாரியப்பன் இங்கேயே பிறந்து வளர்ந்த பையன்; இந்த ஊர் வழக்கப்படி பேச்சில் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டே வரும். "சவரி அண்ணே, இன்னிக்கும் ஸீரோ லா," என்றான். "லிம் பக்கம் போயிறாதீங்க. ஃபேன் சுத்துற சத்தத்துக்கே சண்டைக்கு வருது."

பாவம் என்று நினைத்தேன். அவர் அரைக்கும் சதை இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று உப்பை ஒரு கை கூட்டினேன்.

ஒரு நாள் மிஸ் லிம் வரவில்லை. மாரியப்பன் அவருக்காகக் கரைசல் தயாரித்துக்கொண்டிருந்தான். பெரிய குடுவையைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டான். தராசில் எதையோ நிறுத்துக் கொட்டினான். வெள்ளையாக இருந்தது.

"என்ன தம்பி அது?"

"உப்பு அண்ணே. சாப்பாட்டு உப்புதான், கொஞ்சம் காஸ்ட்லி உப்பு. லிட்டருக்கு இருபது கிராம்."

"இதுக்குமா உப்பு?"

"இதுக்குத்தான் உப்பு! இங்க பாருங்க, செல்லுக்குள்ள டி.என்.ஏ.ன்னு ஒரு நூல் இருக்கு. ப்ரோட்டீனெல்லாம் அதப் புடிச்சிக்கிட்டு இருக்கும். ஹிஸ்டோன்னு ஒரு கூட்டம், அது இறுக்கிப் புடிக்கும். லிம் தேடுறது வேற கூட்டம், எச்.எம்.ஜி. அது லேசா ஒட்டிக்கிட்டு இருக்கும், அவ்ளோதான். இவ்ளோ உப்புத் தண்ணி பட்டாப் போதும், விட்டுட்டு வந்துரும். ஹிஸ்டோன் அசையாது லா. வந்தத மட்டும் வடிச்சி எடுத்துக்கணும்."

குடுவையைப் பிடித்தபடியே மனதுக்குள் கணக்குப் போட்டேன். லிட்டருக்கு இருபது கிராம் என்றால் தலை தட்டாத ஒரு மேசைக்கரண்டி. நான் பேசினில் போட்டது அதைவிட அதிகம். ஃப்ரீசரில் உறைந்து இளகியதில் ஏற்கெனவே உடைந்துபோன சதை. அதை நறுக்கிப் பிசைந்து ஊறவைத்து, அந்தப் பெண் மூன்று மாதமாகத் தேடுவதை வாரா வாரம் சாக்கடையில் கொட்டியிருக்கிறேன். மிச்சத்தை வெள்ளைத் தட்டில் வைத்து அவரிடம் நீட்டியிருக்கிறேன்.

மறுநாள் மிஸ் லிம் வந்ததும் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் வரும்போதே சொல்லிப் பார்த்துவைத்த ஆங்கிலம். "மிஸ், ஐ வாஷ். சால்ட் வாஷ். ஐ ஸாரி." அவர் என் கையில் இருந்த குடுவையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "யெஸ் அங்கிள், யூ வாஷ் வெரி குட். நாட் யுவர் ஃபால்ட், லா," என்று சொல்லி, பாதியில் விட்ட கணக்குக்குத் திரும்பிவிட்டார். குடுவை கழுவுவதைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து என்னைத் தேற்றுகிறாராம்! இந்த ஊரில் எனக்கு வந்த கோபங்களில் அதுதான் பெரியது. யார்மேல் கோபம் என்று இன்றுவரை எனக்கே தெளிவில்லை.

மாரியப்பனிடம் முழுதும் சொல்லி, அவரிடம் எடுத்துச் சொல்லச் சொன்னேன். அவன் என்னைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணே, ஒங்களுக்குக் கன்ஃபர்மேஷன் எப்ப?"

"அடுத்த மாசம்."

"அப்ப வாய மூடிக்கிட்டு இருங்க. நாளையிலேருந்து கழுவாதீங்க. கோடு தன்னால வரும், லிம் சிரிக்கும், எல்லாரும் மீ கோரெங் சாப்பிடலாம். நீங்களா போயி மாட்டிக்குவீங்களா? அண்ணி வரணுமா வேணாமா?"

அவன் சொன்னதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரக் கடைசியில் மிஸ் லிம் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கறிக்கடைக்காரர் ஏமாற்றுகிறார், குட்டி ஆடு என்று சொல்லிக் கிழட்டு ஆட்டின் சதையைத் தருகிறார், அதனால்தான் புரோட்டீன் இல்லை. அடுத்த செவ்வாய்க்குப் பிறகு வேறு கடை பார்ப்பது என்றும், மூன்று மாதத் தோல்விக்கு அதையே காரணமாக அறிக்கையில் எழுதுவது என்றும் பேராசிரியரிடம் சொல்லிவிட்டார். "பாயைக் கேட்டு வரச் சொல்லுது அண்ணே, ஏன் சீட் பண்ணாருன்னு," என்றான் மாரியப்பன், என்னை நேராகப் பார்க்காமல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காதர் பாய் கடையில் நான் எதையும் கேட்கவில்லை. அவர் பையைக் கட்டிக்கொண்டே, "இந்த வாரம் ரொம்பப் பிஞ்சு தம்பி, பாருங்க, நெய் மாதிரி இருக்கு. ஒங்க ஆளுங்களுக்குன்னு எடுத்து வச்சேன்," என்றார். பணத்தை எண்ணாமல் கல்லாவில் போட்டார். சிராங்கூன் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வந்த இரண்டு பஸ்களை விட்டுவிட்டேன். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமான காரியம். நாற்பத்து நாலு வருடமாகச் செய்து வருகிறேன். ஆனால் அதுவரை நான் பேசாததால் நட்டம் எனக்குத்தான் வந்தது. இன்னொருவர் பெயருக்கு வந்ததில்லை.

ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் பாதிச் சதையைத் தொடாமல் ஐஸில் வைத்தேன். மீதிப் பாதியை எப்போதும்போல உப்புப் போட்டுக் கழுவினேன். ஆனால் தண்ணீரைக் கொட்டவில்லை. ஒன்பது முறை அலசிய சுத்தமான குடுவையில் அதை ஊற்றி, ஐஸில் புதைத்து, மூன்றையும் வரிசையாக மிஸ் லிம்மின் மேசைமேல் வைத்தேன். தொடாத சதை, கழுவிய சதை, கழுவிய தண்ணீர். உப்புப் பொட்டலத்தையும் பேசினையும் பக்கத்தில் வைத்தேன். வாய்க்கு வராததை மேசையில் பரப்பினேன். மிஸ் லிம் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார், பேசினைப் பார்த்தார், பிறகு மாரியப்பனைக் கூப்பிட்டார். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "சொல்லுப்பா, எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணையும் கொறைக்காதே," என்றேன். சொன்னான். அவர் முகத்தில் நிறம் போனதை நான் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து ஜெல்லி நீலச் சாயத்திலிருந்து வெளியே வந்தது. தொடாத சதையின் சாறு ஓடிய பாதையில் நாலு கோடு. கழுவிய சதையின் பாதையில் இருந்தும் இல்லாத நிழல். கழுவிய தண்ணீரின் பாதையில் நல்ல நீலமாக, பிற கறைகளுக்கு நடுவிலும் எண்ணிப் பார்க்கிற மாதிரி, நாலு கோடு. மிஸ் லிம் முதலில் சிரித்தார். பிறகு தன் நோட்டில் மூன்று மாதத்துப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. நோட்டை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போனார். பத்து நாள் என்னோடு பேசவில்லை.

காதர் பாய் தப்பித்தார். அவருக்கு இது எதுவும் தெரியாது. தேக்காவில் பிறகும் நெய் மாதிரியான பிஞ்சுச் சதையை எடுத்துவைத்துக்கொண்டுதான் இருந்தார். நான் தப்பிக்கவில்லை. பேராசிரியர் நல்ல மனிதர், கத்தவில்லை. ஆனால் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில், வேலைப் பயிற்சி போதாததால் நிரந்தரமாக்குவது ஒரு வருடம் தள்ளிவைக்கப்படுகிறது என்று இருந்தது. யார் பயிற்சி கொடுத்தார்கள், போதாமல் போக? வெற்றுக் கண்ணாடியை எப்படிக் கழுவுவது என்று ஒரு முழு நாள் சொல்லிக் கொடுத்தவர்கள், நான் மடியில் சுமந்து வந்தது என்ன என்று ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் போதுமே. பின்பக்கத் தொட்டிக்கு மேலே மாரியப்பன் கையெழுத்தில் ஒரு அட்டை மாட்டினார்கள்: "சதையைக் கழுவக் கூடாது." அந்த ஆறுமாடிக் கட்டடம் முழுவதிலும் தமிழில் எழுதியிருந்தது அந்த ஒரு வரிதான்.

பதினோராம் நாள் மிஸ் லிம்மே வந்து, தொட்டிப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு தாளில் படம் போட்டு, மாரியப்பனை வைத்துக்கொண்டு விளக்கினார். ஒரு செல்லுக்குள் இருக்கும் நூலை நீட்டினால் இரண்டு கஜத்துக்கு மேல் போகும். அது சிக்காமல் இருக்க, ஹிஸ்டோன்கள் நூற்கண்டின் கட்டைபோல நின்று அதைத் தம்மேல் சுற்றிக்கொள்கின்றன. எச்.எம்.ஜி. என்றால் வேகமாக ஓடும் கூட்டம் என்று அர்த்தமாம்; ஜெல்லியில் வேகமாக ஓடுவதால் இந்தக் குடும்பம் அந்தப் பெயர் பெற்றது. அதில் ஒன்று, இரண்டு, பதினாலு, பதினேழு என்று நாலு பேர். நடுவில் இருந்த எண்கள் எங்கே என்று கேட்டேன். முதலில் அவற்றையும் தனித்தனி ஆள் என்று எண்ணிவிட்டார்களாம். பெரும்பாலும் உடைந்த துண்டுகள் என்று பிறகு தெரிந்து நீக்கிவிட்டார்களாம். ஒன்றும் இரண்டும் நூலை வளைத்துப் பிரித்துக் கொடுக்கின்றன. பதினாலும் பதினேழும், நூலில் எந்த இடம் படிக்கப்படுகிறதோ அந்தக் கண்டுகளில் போய் உட்காருகின்றன. படித்தால்தான் ஈரல் ஈரலின் வேலையைச் செய்யும், கண் கண்ணின் வேலையைச் செய்யும். இதெல்லாம் இப்போதைக்கு அவர்கள் நினைப்பதுதான், நிச்சயம் இல்லை என்றும் சொன்னார்.

"அது எங்கே குடியிருக்குன்னு கேளு," என்றேன் மாரியப்பனிடம். அந்தக் கட்டடத்தில் நான் கேட்க ஆரம்பித்ததே அன்றுதான்.

மிஸ் லிம் பென்சிலை வைத்துவிட்டுச் சிரித்தார். அதைப் பற்றித்தான் உலகத்தில் எல்லாரும் சண்டை போடுகிறார்களாம். செல்லின் நடுவே நூல் இருக்கும் அறைக்குள் அது இருக்கிறது. சிலர் வெளியேயும் பார்த்திருக்கிறார்கள். வெளியேயும் அதற்கு வேலை உண்டா, அல்லது ஆய்வுக்கூடத்தில் கழுவும்போது கசிந்து வெளியே வந்ததை இவர்கள் பார்த்துவிட்டுச் சொல்கிறார்களா என்பது தெரியவில்லை. "ஒங்க பேசின் மாதிரி எத்தனை பேசினோ அண்ணே," என்றான் மாரியப்பன். என் பேசினைப் பற்றி அவர் தன் ஆய்வேட்டில் ஒரு பக்கம் எழுதினார். அதற்குத் தலைப்பு 'முறையற்ற கழுவல்' என்று மாரியப்பன் மொழிபெயர்த்துச் சொன்னான். முறையற்ற கழுவல். பதினான்கு வருடம் முந்நூறு பேருக்குக் கழுவிய முறை அது.

ஒரு வருடம் கழித்து என்னை நிரந்தரமாக்கினார்கள். ஆனால் அந்த ஒரு வருடத்துக்குள் லூர்துமேரிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சத்துணவு மையத்தில் சமையல் வேலை கிடைத்துவிட்டது. "அரசாங்க வேலைங்க. இத விட்டுட்டு அங்க வந்து நாலு சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரவா?" என்று எழுதினாள். போன வருடமே வந்திருந்தால் இந்த வேலைக்கே போயிருக்கமாட்டேன் என்றும் அதே கடிதத்தில் எழுதியிருந்தாள். நான் பதில் எழுத மூன்று வாரம் ஆனது. இப்போது சிங்கப்பூரின் வடகோடியில், ஈசூனில், நாலு பேரோடு ஒரு வீட்டில் அறை எடுத்து இருக்கிறேன். பேசாமல் இருந்திருக்கலாமே என்று தோன்றாத வாரம் இல்லை. காதர் பாயை நினைத்துக்கொண்டால் அது கொஞ்சம் அடங்கும். முழுதாக அடங்குவதில்லை.

சென்ற முறை விடுப்பில் திருச்சிக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கறியை நான் செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். பொட்டலத்தைப் பிரித்து நேராகச் சட்டியில் போடப் போனேன். லூர்துமேரி கையைப் பிடித்துவிட்டாள்.

"என்னங்க இது, கழுவாமயா? ஊரே ஒங்க கழுவலப் பத்திப் பேசும். சிங்கப்பூருல இப்படித்தான் திங்கிறீங்களா?"

பேசினை எடுத்தேன். உப்புப் பானைக்குள் கையை விட்டவன் அப்படியே நின்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "தள்ளுங்க," என்று தானே உப்பை அள்ளிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். என்னைவிட வேகமாக, என்னைவிட நன்றாக. நூறு பிள்ளைகளுக்குத் தினமும் சமைக்கிற கை. கறியைப் பிழிந்து சட்டியில் வைத்துவிட்டு, கலங்கிய தண்ணீர் இருந்த பேசினைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள்.

"கொஞ்சம் இரு," என்றேன்.

"எதுக்கு? இதுல என்ன இருக்கு?"

சட்டியில் வெளுத்த கறி இருந்தது. அவள் இடுப்பில் இடித்துக்கொண்டு நின்ற பேசினில், இளஞ்சிவப்பாக, அது விட்டுவந்ததெல்லாம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே நான் நின்றேன். வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, ஊற்றவா வேண்டாமா என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.